வண்டி கிளம்ப மறுக்கிறதா? முதலில் மோந்து பாருங்கள்

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாலைந்து முறை முயன்றதும் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காலைப்பொழுது. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். பிறகு பிளக்கை மாற்றுகிறார்கள். வாடை போவதில்லை. செல்ஃப் வேகமாகச் சுற்றும்போது பேட்டரியைச் சந்தேகிப்பது வீண்செலவு. கிளம்பாததும் வாடையும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்: பெட்ரோல் போக வேண்டிய இடத்துக்கு, போக வேண்டிய அளவில் போகவில்லை.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் கீழே போனாலும் பிடிக்காது, மேலே போனாலும் பிடிக்காது. பெட்ரோல் மிஞ்சிப்போன இன்ஜின் கிளம்பாமல் நிற்பது இதனால்தான். ஆனால் உள்ளே எரிய மறுக்கும் அதே பெட்ரோல் வெளியே கசிந்து காற்றில் பரவும்போது, எரியக்கூடிய அளவுக்குள் வந்துவிடுகிறது. வாடையை அலட்சியம் செய்யக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்ககால வண்டிகள் கார்புரேட்டரில் ஓடியவை. கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு மிதவை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் அதே வேலைதான் அதற்கும். பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி, ஊசி வால்வைத் தள்ளி வரத்தை அடைக்கும். ஊசி முனையில் ஒரு தூசு சிக்கினாலோ, முனை தேய்ந்தாலோ, மிதவையில் ஓட்டை விழுந்து அது மூழ்கினாலோ வரத்து நிற்காது. மெக்கானிக்குகள் ‘ஓவர்ஃப்ளோ’ என்பது இதைத்தான். கார்புரேட்டரைப் பிரித்தவுடன் மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பைக்குகளில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். டேங்க் மேலே இருப்பதால், இரவு டேப்பை மூட மறந்தால் விடியும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

நோயைக் கண்டுபிடிக்க நல்ல வழி, எப்போது முரண்டு பிடிக்கிறது என்று கவனிப்பது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் அடம்பிடித்தால் சோக்கைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சோக் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்குகிறது. அது சரியாக மூடாவிட்டால் கலவை நீர்த்துப்போகும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் பெட்ரோல் மிஞ்சி வாடை அடிக்கும். மாறாக, கடைக்குப் போய்விட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது தொல்லை என்றால் அது சூட்டின் வேலை. இன்ஜினை நிறுத்தியதும் பானட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் ஏறும். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அப்போது ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பது பெரிய தவறு. கார்புரேட்டர் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் புகுந்து, மிஞ்சியதை வெளியேற்றும்.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில், அதாவது இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகளில், கார்புரேட்டர் இல்லை, ஆனால் பெட்ரோல் குழாயில் அழுத்தம் உண்டு. நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் நிற்க வேண்டும். இன்ஜெக்டர் ஒழுகினாலோ பம்பின் வால்வு தளர்ந்தாலோ நிற்காது. சாவியை ‘ஆன்’ நிலையில் இரண்டு நொடி வைத்து, அணைத்து, இப்படி மூன்று முறை செய்த பிறகு சட்டென்று கிளம்பினால் சந்தேகம் அழுத்தத்தின் மேல்தான்.

இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது அடுத்த படி. பெட்ரோலில் நனைந்திருந்தால் உள்ளே மிஞ்சுகிறது, அல்லது பொறி வரவில்லை. காய்ந்து கிடந்து, வாடை மட்டும் அடித்தால் வழியில் எங்கோ வெளியே கசிகிறது. ரப்பர் குழாய்களைத் தொட்டு, வளைத்துப் பாருங்கள். இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் சிலவகை ரப்பரை ஊதவைத்து, பிறகு அதில் வெடிப்பு விழவைக்கும். குழாய் மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆயில் குச்சியையும் எடுத்து மோந்து பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மெக்கானிக்குகள் ‘ஏசி பம்ப்’ என்று அழைக்கும் பழைய பெட்ரோல் பம்பின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் தானாக உயர்ந்து, தண்ணீர்போல் ஓடி, பெட்ரோல் வாடை அடித்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் தூரம் போகும். வாடை அடிக்கும் வண்டியை மூடிய ஷெட்டில் நிறுத்தாதீர்கள். திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கசிவை அடைத்த பிறகே செல்ஃபில் கை வையுங்கள்.