சேறு பழகியவர் பனிக்குப் போனால்

ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

சுங்கை சிப்புட்டுக்கு மேலே குவாலா மூ பக்கம் பூர்வகுடிக் கிராமங்களுக்கு ஏறும் மண்பாதையில் ஹைலக்ஸ் ஓட்டிப் பழகியவர்கள் ஈப்போவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் பழைய தோட்டத்துப் பிள்ளைகள். பால்மரம் போய் செம்பனை வந்தாலும், மழை பெய்தால் வழுக்குகிற அந்தச் சிவப்பு மண் போகவில்லை. இப்படிப்பட்ட ஒரு கூட்டம் நியூசிலாந்துக்கோ மணாலிக்கோ போய், நாலைந்து வண்டி எடுத்துப் பனிமலை ஏறலாம் என்று திட்டம் போட்டால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “நாம பாக்காத சேறா? பனியும் வெள்ளைச் சேறுதானே!”

பாதி சரி. மிச்சப் பாதிதான் வண்டியைப் பள்ளத்தில் தள்ளும்.

முதலில் ஃபோர்வீல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்ஜினின் பலத்தை இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நாலுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான். அதனால் வண்டி கிளம்பும், ஏறும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 9 மீட்டரில் நிற்கிற வண்டி, மிதிபட்டு இறுகிய பனியில் 30 மீட்டர் வரை ஓடும். கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். ஹைலக்ஸோ மைவியோ, கணக்கு ஒன்றுதான். சேற்றில் இது நமக்கு உறைப்பதில்லை. காலை எடுத்தால் சேறே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இறுகிய பனி அந்த உபகாரத்தைச் செய்யாது. அதனால் இறக்கத்தில் லோ கியர் போட்டு, இன்ஜின் பிடியிலேயே இறங்க வேண்டும்.

இனி தலைகீழாகிற இடம். சேற்றில் மாட்டினால் நாம் என்ன செய்வோம்? எண்ணெயை மிதிப்போம். சக்கரம் வேகமாகச் சுழன்று, டயர் பல்லிடுக்கில் அடைந்த மண்ணை வீசி எறியும். பல் சுத்தமானதும் மறுபடி பிடிக்கும். சேற்று டயரின் கட்டிகள் அகல இடைவெளி விட்டு இருப்பதே அதற்காகத்தான். பனியில் இதைச் செய்தால், சுழலும் டயரின் சூட்டில் பனி உருகி, உடனே உறைந்து, சக்கரத்துக்குக் கீழே பளபளவென்று ஐஸ் தட்டு உருவாகும். இருந்த பிடியையும் நாமே மெழுகிவிட்டோம். அங்கே இரண்டாம் கியரில், மிதியைத் தொட்டும் தொடாமலும் நகர்த்த வேண்டும்.

இன்னொன்று, பல்லிடுக்கில் சேறு அடைந்தால் டயர் வழுக்கும். பனி அடைந்தால் பிடிக்கும்! பனியோடு பனி ஒட்டும் என்பதால், குளிர்கால டயரில் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளவே நுணுக்கமான கீறல்கள் போட்டிருப்பார்கள். கட்டி கட்டியான நம் சேற்று டயரில் அவை குறைவு. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஐஸில் அந்த முரட்டுத்தனம் எடுபடாது.

ரப்பரும் ஒரு காரணம். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் விறைக்கத் தொடங்கும். இயற்கை ரப்பரோ சுமார் மைனஸ் 70 டிகிரி வரை கண்ணாடியாக இறுகாது. ஆகவே குளிர்கால டயரில் அதன் பங்கு கூடுதல். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. நம் தாத்தா பாட்டி இருட்டோடு எழுந்து வெட்டிய பால் எந்த ஊர்ப் பனியில் போய் உருண்டதோ! சரி, கதையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

காற்றை இறக்குவது இரண்டு இடத்துக்கும் பொருந்தும். 35 பிஎஸ்ஐயை 18, 20க்குக் குறைத்தால் டயர் தட்டையாகி நீளமாகத் தரையைத் தொடும். ஐஸ்லாந்துக்காரர்கள் பனியாற்றின் மேல் ஓட்டும்போது ராட்சத டயர் போட்டு 3, 4 பிஎஸ்ஐ வரைகூட இறக்குவார்கள். நம் டயரில் அந்த வேலை வேண்டாம், விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க மறக்கக் கூடாது.

கூட்டமாகப் போகும்போது யார் முன்னால் போவது? தோட்டத்து மண்ணில் முதல் வண்டிக்கு நல்ல பாதை கிடைக்கும். கடைசி வண்டிக்கு முன்னே போனவர்கள் கிளறிவிட்ட குழிதான் மிச்சம். நல்ல வின்ச் உள்ள வண்டி கடைசியில் வருவது அதனால்தான். ஆழமான புதுப் பனியிலோ முதல் வண்டிதான் படாதபாடு படும். அது மிதித்து இறுக்கிய தடத்தில் மற்றவை சுகமாக வரும். ஆகவே பலமான வண்டி முன்னே போய், சிறிது தூரத்துக்கு ஒருமுறை இன்னொன்றுக்கு இடம் விட வேண்டும். ஏற்றத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். ஏற முடியாமல் நின்றால் திருப்பப் பார்க்காதீர்கள், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் நேராக இறங்குங்கள். குறுக்கே நின்ற வண்டிதான் உருளும்.

இழுக்கிற கயிற்றை டிரெய்லர் குமிழில் மாட்டும் பழக்கம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். குமிழ் பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வின்ச் கம்பியின் மேல் ஈரச் சாக்கைப் போடும் வழக்கம் மட்டும் பனிக்கும் நல்லது. அறுந்தால் சுண்டும் வேகம் குறையும்.

சேற்றில் தெரியாத ஆபத்து ஒன்றும் அங்கே உண்டு. பனியில் புதைந்த வண்டிக்குள் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்போம். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாடை இருக்காது, தூக்கம்தான் வரும். முதலில் இறங்கி, மண்வெட்டியால் குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு வந்து சாவியைத் திருப்புங்கள்.

கடைசியாக, பனியில் பிடி கிடைக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. வண்டி எடுக்கும் இடத்திலேயே, காய்ந்த தரையில், ஒவ்வொரு ஓட்டுநரும் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். மேலே போய்ப் படிக்கலாம் என்று விட்டால், விரல் மரத்த நிலையில் ஒரு கொக்கியை மாட்டவே கால் மணி நேரம் ஆகும். பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்.