மின் ஒப்பந்தக்காரர் உரிமமும் பரீட்சையும்

சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே சென்று முதலில் அடைந்த இடம் கோலார் தங்கவயல். அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் தமிழர். பெங்களூர் நகரத்துக்கு மின்னொளி வந்தது 1905-இல்தான். ஆகவே இந்நாட்டு மின்சாரத்துக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது.

இன்றும் பெங்களூரில் எழும் கட்டடங்களில் குழாய் பதித்துக் கம்பி இழுக்கும் தமிழர் பலரைக் காண்கிறோம். அவருட் சிலர் பல்லாண்டு அநுபவம் இருந்தும், தம் பெயரில் உரிமம் இல்லாமையால் பிறர் கையொப்பத்தின் நிழலிலேயே காலங் கழிக்கின்றனர். அத்தகைய நேயர்களுக்குப் பயன்படுமாறு சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று உடையவரின் நேர் மேற்பார்வையில் செய்தல் வேண்டும் என்பது சட்டம். பரீட்சை என்று பொதுவாகப் பேசப்படுவது ஒயர்மேன், மேற்பார்வையாளர் ஆகியோருக்குரிய அநுமதிச் சீட்டுக்கானது. ஒப்பந்தக்காரர் உரிமம் அதற்கு மேற்பட்ட படி. அதற்குத் தகுதியுள்ள ஆட்களும், மெக்கர் போன்ற சோதனைக் கருவிகளும் தேவை. இவற்றை வழங்குவது அந்தந்த மாநில அரசு. தமிழ்நாட்டில் பெற்ற சீட்டு இங்கே தானாகவே செல்லும் என்று எண்ணலாகாது. கர்நாடக அரசின் மின் பரிசோதனைத் துறையில் முதலில் விசாரித்துத் தெளிவது நன்று. அங்கே ‘குத்திகெதார’ என்னும் கன்னடச் சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் என்பதே பொருள். நம் ‘குத்தகை’க்கு அது உறவு.

இனி, படிக்கும் முறை. அவென்யூ சாலையில் பழைய வழிகாட்டி நூல்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுட் பல 1956-ஆம் ஆண்டு விதிகளைத் தழுவியவை. அவ்விதிகளின் இடத்தில் 2010-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றுக்கும் பதிலாக 2023-இல் வேறு வந்துள்ளன. ஆதலால் நூலின் ஆண்டைப் பார்த்து வாங்குக. விதிகளைப் படிக்கும்போது ‘செய்தல் வேண்டும்’ என்பதையும் ‘செய்யலாம்’ என்பதையும் பிரித்தறிக. மொழிபெயர்ப்பிலேயே நாள் கழிக்கும் நாம் அறிந்த வரையில், சட்டத்தில் பலர் இடறுவது அவ்விரண்டு சொற்களுக்கிடையில்தான்.

அடுத்தது கணக்கு. கணக்கென்றதும் அஞ்சுவோர் உளர். ஆனால், கை செய்யும் வேலைக்குக் காரணம் கூறுவதே கணக்கு. ஓர் உதாரணம் காண்போம். பெங்களூர்க் குளிருக்கு வீடுதோறும் கெய்சர் உண்டு. 3000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 6 ஆம்பியர் பிளக் ஆகாது. 16 ஆம்பியர் வேண்டும். இது பலருக்கும் தெரியும்.

அக்கெய்சரின் உள்ளே காப்பு கெட்டு, உலோகக் கூட்டில் மின்சாரம் பாய்ந்தால் என்ன நேரும்? எர்த் பாதையின் மொத்தத் தடை 1 ஓம் ஆயின், 230 ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். தடை 46 ஓம் ஆயின், பாய்வது 5 ஆம்பியரே. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. விளக்கு எரியும், வெந்நீர் வரும், ஒரு குறையும் தோன்றாது. ஆனால் கூடு முழுவதும் மின்சாரம் நிற்கும். நனைந்த கையால் தொடுபவருக்கு அது எமன்.

எர்த் கம்பி இருக்கிறது என்பது போதாது. அதன் தடையை அளந்தாக வேண்டும். லால்பாக் பாறையைக் கண்டவர், இந்நகரின் மண்ணுக்கடியில் கல் கிடப்பதை அறிவர். கல்லிலும் காய்ந்த மண்ணிலும் தடை மிகும். குழி தோண்டிக் கரியும் உப்பும் இட்டு நீர் வார்ப்பதன் காரணம் அதுவே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உயிர்க் காவல், எனினும் அது நல்ல எர்த்துக்கு மாற்றாகாது. இவ்வாறே, 500 வோல்ட் மெக்கரால் சோதிக்கும்போது காப்புத் தடை 1 மெகோமுக்குக் குறையலாகாது என்பதையும் எண்ணாக மட்டும் மனனம் செய்யாது, ஏன் என்று கேட்டுப் படிக்க வேண்டும்.

நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குக. பகலில் செய்த இணைப்பை இரவில் படமாக வரைக. இரண்டு ஸ்விட்சால் எரியும் மாடிப்படி விளக்கைக் கண்ணை மூடி இணைப்பவர்க்கும் அதனைத் தாளில் வரைவது முதலில் கடினமே. பத்து நாளில் பழகிவிடும்.

வேலை முடிந்தபின் சோதனை அறிக்கையில் ஒப்பந்தக்காரர் இடும் கையொப்பம், ‘இவ்வீட்டில் குழந்தையும் அச்சமின்றி ஸ்விட்சைத் தொடலாம்’ என்று அவர் தரும் வாக்கு. அவ்வாக்கைப் பிறர் பெயரில் தாராது, தம் பெயரில் தரும் தகுதியை நம் தொழிலாளர் பெறுக.