கண்மாய்க்கரைக்கு ஒரு பாதை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சினிமா, இல்லாவிட்டால் தூக்கம். இதுதானே நம்ம ஆபீஸ் ஜாதகம்! ஒரு மாறுதலுக்கு மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாருங்கள். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான்.

அரசுக் கணக்குப்படி ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், 250 வகைப் பறவைகள்! 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஒரு பூதம் கிளம்பியது. சுற்றுவட்டார ஜனங்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது.

சரி, காப்பாற்றிய இடத்தை எல்லோரும் பார்க்க வேண்டாமா? என் ஆபீஸ் நண்பனுக்குச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். "பாறை ஏற முடியாதுன்னு எனக்கே தெரியும் மாப்ள. கண்மாய்க்கரை வரைக்கும் மேடு பள்ளம் இல்லாம ஒரு பாதை இருந்தாப் போதும். ராஜாளி பறக்கிறதை கீழே இருந்தே பார்த்துக்குவேன்" என்கிறான்.

நியாயம்தானே? சென்னை மெரினாவில் இவனைப் போன்றவர்கள் அலையருகே போக, 2022-ல் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். கடற்கரை மணலில் முடிந்தது, கண்மாய்க்கரை மண்ணில் முடியாதா?

ராஜாளிக்கு இறக்கை இருக்கிறது. நண்பனுக்கு வேண்டியது நாலடி அகலத்தில் ஒரு பாதை. அவ்வளவுதான் சார்!