கைத்தொலைபேசியின் செவியும் குரலும்

சோளகக் காற்று ஓய்ந்த இரவுகளில் சிலாபத்துக் கடற்றொழிலாளர் களப்பின் முகத்துவாரத்தைத் தாண்டி மேற்கே செல்வர். கரை விளக்குகள் மங்கும் தூரத்திலும் மடியிலுள்ள கைத்தொலைபேசி வேலை செய்யும். அங்கேதான் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. வீட்டார் பேசுவது படகிலிருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் கூறும் மறுமொழியோ கரையை எட்டாது. திரையில் மட்டும் இரண்டு கோடுகள் நின்றுகொண்டிருக்கும். படகின் இயந்திரம் நின்றுபோய் உதவி வேண்டுபவருக்கு இது சிறு சங்கடமன்று.

நேயர்கள் இப்பேச்சைக் கேட்கும் வானொலிப் பெட்டிக்குச் செவி மட்டுமே உண்டு. கைத்தொலைபேசிக்கோ வாங்கி என்னும் செவியும் உண்டு, செலுத்தி என்னும் குரலும் உண்டு. திரைக்கோடுகள் காட்டுவது செவியின் நிலையை மாத்திரமே. கோபுரம் பத்துக்கணக்கான வாற்று வலுவிற் பேசும். நான்காம் தலைமுறைத் தொலைபேசி பேசக்கூடிய உச்ச வலு ஏறத்தாழ 0.2 வாற்று. கோபுரத்தின் பெரிய அலைவாங்கிகள் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. எனினும் எல்லைக்கோட்டில் முதலில் தளர்வது பெரும்பாலும் தொலைபேசியின் குரலே.

ஆகவே இவ்விரண்டும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. கோபுரத்தைப்போல நடிக்கும் கருவியொன்றுடன் தொலைபேசியை இணைத்து, அக்கருவியின் குரலைப் படிப்படியாகத் தாழ்த்துவர். நான்காம் தலைமுறைக்கான விதிப்படி, குறிக்கப்பட்ட தாழ்நிலையிலும் அனுப்பிய தகவலில் நூற்றுக்கு 95 பங்கேனும் பிழையின்றிச் சேரவேண்டும். அத்தாழ்நிலை எத்துணைச் சிறிது! இரண்டாம் தலைமுறைத் தொலைபேசிக்கு விதித்த அளவைப் பாருங்கள்: ஒரு வாற்றைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் கோடி பங்காக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஆறு பங்கு. செலுத்தியின் சோதனையில் வலு மட்டுமன்றி ஒழுக்கமும் பார்க்கப்படும். அதன் அதிர்வெண் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகலாகாது. அண்டை அலைவரிசையில் இரைச்சல் சிந்தலாகாது.

மேசைமேல் தேறிய தொலைபேசி மனிதன் கையில் தேறுமா என்பது வேறு வினா. அதற்கெனக் கரியூட்டிய பஞ்சுக் கூம்புகள் சுவரெங்கும் பதித்த, அலைகள் எதிரொலிக்காத அறை உண்டு. உடலின் தன்மையை ஒத்த பொருளாலான தலையும் கையும் அங்கே தொலைபேசியைப் பிடித்திருக்க, எத்திசையில் எவ்வளவு அலை செல்கிறது, எவ்வளவு வருகிறது என அளப்பர். இதன் அவசியத்தை உலகம் 2010இல் உணர்ந்தது. ஐபோன் 4இன் ஓரத்து உலோகப் பட்டையே அதன் அலைவாங்கி. இடக்கை படும் ஓரிடத்தில் தொட்டால் அலை தளர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் இலவச உறைகளை வழங்கியது. தன் தொலைபேசிகள் உண்மைக்கு மேலான கோடுகளைக் காட்டிவந்தன என்றும் அது ஒப்புக்கொண்டது. கோடுகளை நம்பியவர்கள் பாவம்!

படகிலிருப்பவர் தொலைபேசியைக் கையாற் பொத்திப் பிடியாமல் இலேசாகப் பற்றி, உயர்ந்த இடத்தில் நின்று பேசுவது நன்று. பேச்சு எட்டாதபோது குறுஞ்செய்தி எட்டுவதுண்டு. படகில் பொருத்தும் கடல் வானொலிக் கருவியோ 25 வாற்று வரை பேசவல்லது. ஆபத்தழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்ட அதன் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேட்ஸில் உள்ளது.