சாவடி போனது, மலை நகரவில்லை

போடியிலிருந்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். தோட்டம் அங்கே, தினமும் ஜீப்பில் வேலைக்குப் போகும் கூலிக்காரர்களும், காயை வாங்கி விற்கும் வியாபாரிகளும் இங்கே. அதனால் ஏலக்காய் மூட்டை எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். எல்லை இருக்கும் இடத்தில் ஒரு அலுவலகமும் முளைத்துவிடுகிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஏலக்காய் அரசின் ஏகபோகம். பிறகு வந்தது விற்பனை வரி. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1939இல் அதைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் பிரிந்தபின் இரண்டு பக்கமும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நிலைத்தன.

அந்தக் காலத்து லாரி டிரைவர்களைக் கேட்டால் வரிசையைத்தான் முதலில் சொல்வார்கள். வண்டியை ஓரங்கட்டி, பில், சரக்குக்கான ஜே.ஜே. படிவம், ஆர்.சி. புத்தகம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து ஜன்னலில் நீட்ட வேண்டும். காகிதங்களுக்கு நடுவே மடித்த நோட்டு இருந்தால் முத்திரை சீக்கிரம் விழும். இல்லையென்றால் பில்லில் ஒரு எழுத்துப்பிழையாவது கண்டுபிடிக்கப்படும். காத்திருப்பு நீள நீள மாமூலின் மதிப்பும் ஏறியது. வரிசையைக் குறைக்க ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மேசைக்கு எந்தக் காரணமும் இல்லை.

இதில் நாட்டின் பணம் எப்படிப் போனது? ஒரு மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் வரி வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு ரூபாய் கைமாறி மூட்டை கணக்கில் வராமல் போனால், வியாபாரிக்கு எண்ணூறு மிச்சம், மேசைக்கு இருநூறு லாபம், கஜானாவுக்கு ஆயிரமும் நஷ்டம். அந்த மேசைக்குச் சம்பளமும் படியும், பிற்பாடு ஓய்வூதியமும் அதே கஜானாவிலிருந்துதான். லஞ்சத் தொகையை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் இழப்பின் சிறிய பகுதியைத்தான் பார்க்கிறார்கள்.

சாவடியையே தவிர்க்க நினைத்தவர்கள் காட்டுப்பாதையில் இறங்கினார்கள். இரவில் தலைச்சுமையாக மூட்டைகள் மலையிறங்கின. பிடிபட்டால் சிக்கியது சுமந்த கூலிக்காரர். மூட்டைக்குச் சொந்தக்காரர் அல்ல.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. டிரைவரின் செல்போனிலேயே அது இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் எந்த லாட் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்பது திரையில் தெரிகிறது, பதிவாகிறது. வரி ஏய்ப்பு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்கில் வராத காய் இன்னும் உண்டு. ஆனால் முத்திரைக்காக மலையில் லாரி நிற்பதில்லை. அதிகாரிகள் திடீரென்று நல்லவர்களாகி நடந்ததல்ல இது. நிறுத்திவைக்கும் அதிகாரத்தை எடுத்ததும் அதை வைத்து நடந்த வசூலும் போயிற்று.

வேலை குறைந்தாலும் அலுவலகம் சுருங்காது என்பதை பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இலேயே எழுதினார். 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்கள் 62லிருந்து 20ஆகக் குறைந்தன. கடற்படைத் தலைமை அலுவலக அதிகாரிகளோ 2,000லிருந்து 3,569 ஆனார்கள். நம் மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்கு ஆகும் செலவும் சிறியதல்ல. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கூட்டினால் 2025-26 பட்ஜெட்டில் சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். மொத்த வருவாய் வரவு ஏறக்குறைய 3.3 லட்சம் கோடி. அந்த 1.3 லட்சம் கோடியில் போடி அரசு மருத்துவமனை செவிலியரின் சம்பளமும் மலைக்கிராமத்து ஆசிரியரின் சம்பளமும் அடக்கம். அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் பலர் வேண்டும். தேவை முடிந்த பிறகும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் மேசைகள்தான் அந்தச் செவிலியருக்குப் போக வேண்டிய பணத்தைத் தின்கின்றன.

அத்தகைய மேசைகள் இன்னும் இருக்கின்றன. வெளிமாநில வண்டிக்கான வரியை இப்போது இணையத்திலேயே கட்டலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் எல்லைச் சாவடிகளை எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டின் மோட்டார் வாகனச் சோதனைச்சாவடிகள் நீடிக்கின்றன. லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை போட்டு, கணக்கில் வராத பணத்தை எடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

அரசு ஒன்று செய்யட்டும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு சாவடியிலும் மாதம் எத்தனை வண்டி சோதிக்கப்பட்டது, என்ன குற்றம் பிடிபட்டது, எவ்வளவு வசூலானது, அங்கே இருப்பவர்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்ற நான்கு எண்களையும் வாசலிலேயே எழுதி வைக்கட்டும். செலவுக்கு ஈடான வேலை நடக்காத சாவடியை மூடிவிட்டு, அந்த ஆட்களைத் தேவையுள்ள துறைகளுக்கு அனுப்பட்டும்.