குளங்களிற் குடிபுகும் பிறநாட்டு மீன்கள்

மாரியிற் குளம் வான் பாயும்போது வயல் வாய்க்காலில் அத்தாங்கு வைப்போர் இன்று பெரும்பாலும் காண்பது திலாப்பியாவையே. யப்பான் மீன் என்றும் சிலர் இதனை வழங்குவர். பெயர் எவ்வாறாயினும் இதன் தாயகம் தென்கிழக்கு ஆபிரிக்காவின் ஆறுகளாகும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் சில பத்தாண்டுகளுள் உலர்வலயக் குளங்களெங்கும் பரவிற்று. அது பரவிய விதத்தை அறிந்துகொள்வது, இனி வரக்கூடிய வேறு மீன்களிலிருந்து குளத்தையும் குளக்கட்டையும் காத்தற்குப் பயன்படும்.

ஆண் திலாப்பியா குளத்தின் அடியில் வட்டமான குழி தோண்டும். பெண்மீன் அதில் முட்டையிட்டு, அவற்றைத் தன் வாயினுள் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரித்துக் குஞ்சுகள் தாமே இரை தேடும்வரை, ஏறக்குறைய இரண்டு கிழமை, தாயின் வாயே அவற்றிற்குப் புகலிடம். ஆகவே வான் வெள்ளத்தோடோ துருசு வழியாகவோ வெளியேறும் ஒரே தாய்மீன் ஒரு குடியையே அடுத்த குளத்திற்குச் சுமந்து செல்லக்கூடும். உவர்நீரும் அதற்குத் தடையாகாது. பேராறு நந்திக்கடலில் விழுவதுபோல, நம் ஆறுகள் பல களப்புகளிற் சென்று சேர்கின்றன. நன்னீர் மீன் பலவற்றை மறித்து நிறுத்தும் அவ்வுவர்நீரிலே திலாப்பியா வாழ்வதோடு இனமும் பெருக்கும்.

கோடையிற் குளம் சுருங்கி மடுக்களாகும்போது மீன்கள் நெருங்கும்; இரை குறையும். அப்பொழுது திலாப்பியா பெரிதாய் வளர்வதை விட்டு, விரலளவாய் இருக்கையிலேயே, பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் முட்டையிடத் தொடங்குகின்றது. சிறு கேணியில் இம்மீனை விட்டவர்கள் சில காலத்தின் பின் எண்ணிறந்த பொடிமீனையே காண்பதன் காரணம் இதுவே. பாசி, மக்கிய இலை, புழு பூச்சி, பிற மீன்களின் முட்டை என எது கிடைப்பினும் உண்ணும். எனினும் விராலைப்போலக் காற்றைச் சுவாசித்துச் சேற்றிற் கிடக்கும் ஆற்றல் அதற்கில்லை. முற்றாக வற்றிய குளத்தில் மாண்டுபோம்; அடுத்த மாரியில் மேற்குளத்திலிருந்து மீண்டும் வந்துசேரும்.

இம்மீனை வைதுகொண்டிருப்பதிற் பயனில்லை. இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. குளங்கள் யாவும் மனிதர் கட்டியவை. நாட்டு மீன்கள் ஆற்றிலும் ஓடையிலும் வாழ்ந்து பழகியவையாதலின், குளத்தின் அகன்ற நீர்ப்பரப்பு பெரும்பாலும் ஆளில்லா நிலமாய்க் கிடந்தது. அதனைத் திலாப்பியா கைக்கொண்டது. குளத்து மீன்பிடியும் ஒரு தொழிலாயிற்று. 1975இல் நைல் திலாப்பியா என்னும் மற்றோரினமும் கொண்டுவரப்பட்டு, இரண்டும் கலந்தன. ஆனால் எல்லாத் தீவுகளிலும் பயன் இவ்வாறு அமையவில்லை. பசிபிக் சமுத்திரத்து நௌரு தீவினர் பாலைமீன் குஞ்சுகளைக் கடலோரத்திற் பிடித்து, உள்நாட்டு நீர்நிலையில் வளர்த்து உண்டுவந்தனர். 1960ஆம் ஆண்டளவில் அங்கு விடப்பட்ட திலாப்பியா இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ள, அவ்வளர்ப்பு நலிந்தது.

இப்பொழுது கமக்காரர் அஞ்சவேண்டிய மீன் வேறொன்று. கண்ணாடித் தொட்டியிற் பாசி தின்பதற்கென 'டாங் கிளீனர்' என்னும் பெயரிற் கடைகளில் விற்கப்படும் மீன் தென்னமெரிக்காவுக்குரியது. விரலளவில் வாங்கியது ஒரு முழத்தை நெருங்கியதும், கொல்ல மனமின்றி, வீட்டார் அதனை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். மகாவலியின் பொல்கொல்லை, விக்ரோரியா நீர்த்தேக்கங்களில் இது குடியேறிவிட்டது. உடல் முழுவதும் கடினமான தகடு. முள்ளோ வலையைக் கிழிக்கும். நீர் குறைந்தாலும் காற்றை விழுங்கி உயிர் தாங்கும். எல்லாவற்றிலும் கேடானது, ஆண்மீன்கள் முட்டைக்காகக் கரையைத் துளைத்து ஆழமான வளை தோண்டுவதே. ஹவாய்த் தீவுக் கூட்டத்து ஓவாகு தீவின் நீர்த்தேக்கத்தில் இவ்வளைகளாற் கரை அரிக்கப்பட்டது. புதுக்குடியிருப்புப் பகுதியில் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் விதைப்போருக்கு மண்ணாலான குளக்கட்டின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஆகையால், வேண்டாத தொட்டி மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இயலாதாயின் கொன்று புதைத்தல் வேண்டும். தொட்டி நீரையும் வாய்க்காலிற் கொட்டலாகாது; தோட்டத்து மண்ணில் ஊற்றுக. மீன் வளர்க்கும் கேணியை வெள்ளம் புகாத மேட்டில் அமைத்து, நீர் வரும் வழிக்கும் போகும் வழிக்கும் சிறுகண் வலை கட்டுக. பொதுக் குளத்தில் மீன்குஞ்சு விட விரும்பும் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும், தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரைக் கேட்டே அதனைச் செய்தல் வேண்டும். அறியாத மீன் வலையிற் பட்டால் மீண்டும் நீரில் விடாது, கைத்தொலைபேசியிற் படம் எடுத்து அவருக்குக் காட்டுக. ஆவணி, புரட்டாதியில் நீர் தாழ்ந்திருக்கும்போது குளக்கட்டின் உட்புறத்தை ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று. நண்டும் எலியும்கூட வளை தோண்டுமாதலால், துளையைக் கண்டவுடன் மீனின் வேலையென்று முடிவு செய்யாது, எதுவாயினும் மாரிக்கு முன் களிமண் இட்டு இறுக்கி அடைத்துவிடுக.