எல்லைக் கல்
ஈம் கிராமம், டார்பிஷையர், இங்கிலாந்து
பயன்பட்ட காலம்: 1666

கல்லின் மேற்புறத்தில் ஆறு துளைகளைக் காணலாம். கொள்ளைநோயின் நாட்களில் ஈம் மக்கள் இவற்றில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டனைச் சேர்ந்தவர்கள் காசை எடுத்துக்கொண்டு உணவுப் பொருள்களை வைத்துச் செல்வார்கள். வினிகர் தொற்றைப் போக்கும் என்பது அக்கால நம்பிக்கை.

1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிமூட்டையோடு நோயும் வந்தது என்பது ஊர் வழக்கு. மறு ஆண்டு ஜூனில், குருவானவர் வில்லியம் மாம்பசனும் அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்து பதவி இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து, ஊரை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கிறிஸ்துவின் பெயரால் விடுத்த வேண்டுகோள் அது. சுற்றியுள்ள ஊர்களைக் காப்பாற்ற வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. பெரும்பாலோர் இணங்கினர்.

மாம்பசன் தம் பிள்ளைகளை மட்டும் முன்னரே வெளியூர் அனுப்பிவிட்டார்; இதையும் மறைக்க வேண்டியதில்லை. உடன் தங்கிய மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார். அதே மாதம் எலிசபெத் ஹான்காக் என்ற பெண், எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார். நோய் அடங்கிய நவம்பருக்குள் இறந்தோர் சுமார் 260 பேர்.

கூட்டம் நெருங்காமலிருக்கத் தேவாலயத்தை மூடி, கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கின் திறந்தவெளியில் ஆராதனை நடத்தினார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அங்கே நினைவு ஆராதனை நடைபெறுகிறது.